இடைவேளை எத்தனை நிமிடம்?

எங்கள் அட்டவணைப் பிரிவில் இரண்டு மேசைகளுக்கு நடுவே ஒரு தொலைபேசி இருந்தது. படம் தெரியவில்லை, ஒலி வரவில்லை என்று கேபிள் ஆபரேட்டர்கள் சொல்வதற்காக வைத்த எண் அது. எப்படியோ நேயர்களின் கைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. இரவு எட்டு மணித் தொடருக்கு முதல் இடைவேளை விட்ட சற்று நேரத்தில் அடிக்கத் தொடங்கும். "கதை பத்து நிமிஷம், விளம்பரம் இருபது நிமிஷமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிடுவார்கள். சென்னையில் ஒரு தமிழ்த் தொலைக்காட்சியில் பதினாறு ஆண்டுகள் அந்தத் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எந்த இடைவேளையில் எத்தனை விளம்பரம், எந்த வரிசையில், எத்தனை நொடி என்று நிரல் போடுவதுதான் என் வேலை. யாரைத் திட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

2012-ல் ஒரு நாள் பேசிய அம்மாள் திட்டவில்லை. ஆரணிப் பக்கம் என்றார். "ஏம்மா, இடைவேளை எத்தனை நிமிஷம் என்று விடும்போதே சொல்லிவிட முடியாதா?" என்று கேட்டார். அவருடைய கணவர் பக்கவாதத்தில் படுத்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எட்டு மணி முதல் ஒன்பதரை வரைதான் அந்த அம்மாள் தமக்கென்று உட்காரும் நேரம். இடைவேளை விட்டதும் உள்ளறைக்குப் போவார். கணவரை மறுபக்கம் புரட்டிப் படுக்க வைத்து, முதுகைத் துடைத்துவிட்டு, கரண்டியால் தண்ணீர் கொடுத்துவிட்டு வர வேண்டும். "ஓடி வந்தால் இன்னும் சோப்புத்தூள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நிதானமாக வந்தால் கதை போய்விடுகிறது. இத்தனை நிமிஷம் என்று தெரிந்தால் அதற்குத் தகுந்தபடி அவருக்குச் செய்துவிட்டு வருவேன்" என்றார்.

மேலிடத்தில் சொல்கிறேன் அம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்தக் குரல் கூடவே வந்தது. அவர் விளம்பரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த நேரத்தை அவர் பயன்படுத்திக்கொண்டிருந்தார். அந்த நேரத்துக்கு ஒரு அளவு வேண்டும் என்றுதான் கேட்டார். அளவில்லாமல் செய்துகொண்டிருந்தவள் நான்.

இடைவேளையின் நீளம் எப்படித் தீர்மானமாகிறது என்பதைச் சொல்ல வேண்டும். விளம்பர நேரத்தைப் பத்து நொடிக்கு இவ்வளவு என்றுதான் விற்பார்கள். ஏஜென்சியிலிருந்து வரும் ஆணைக்கு ஆர்.ஓ. என்று பெயர். மதியம் மூன்று மணிக்குள் வந்துவிட வேண்டும் என்பது விதி. ஆடித் தள்ளுபடி, அட்சய திருதியை, தீபாவளி என்றால் மாலை ஆறு மணிக்கும் வந்துகொண்டிருக்கும். தியாகராய நகர்த் துணிக்கடை ஒன்று திடீரென்று இருபது நொடி கூடக் கேட்கும். முந்தைய வாரம் தவறவிட்ட விளம்பரத்துக்கு ஈடு கொடுக்க வேண்டியிருக்கும். இவற்றையெல்லாம் எங்காவது செருக வேண்டும். அரை மணித் தொடருக்குக் கதை இருபது, இருபத்திரண்டு நிமிடம். மீதியில்தான் என் வித்தை எல்லாம். திங்கட்கிழமை இரண்டாவது இடைவேளை இரண்டரை நிமிடம் என்றால் செவ்வாய்க்கிழமை நான்கு, வெள்ளிக்கிழமை ஐந்தரை. ஆரணி அம்மாளுக்குக் கணக்குப் பிடிபடாததில் வியப்பே இல்லை.

கடைசி இடைவேளைதான் மிக நீளமாக இருக்கும். அது முடிந்த பிறகு வரும் காட்சி ஒரு நிமிடம்கூட இராது. கதவு திறக்கும், ஒரு முகம் திரும்பும், "தொடரும்" என்று போட்டுவிடுவோம். இதற்காக எத்தனையோ பேர் மனம் வெதும்பிப் பேசியிருக்கிறார்கள். காரணம் எளிது. மாதிரி வீடுகளில் பொருத்திய கருவிகள் யார் எந்த நிமிடம் எதைப் பார்த்தார்கள் என்று குறித்துக்கொள்கின்றன. விளம்பரம் ஓடும் நிமிடத்தில் கூட்டம் கலைந்துவிட்டால் மறுவாரம் அந்த இடத்துக்கு விலை குறையும். ஆகவே முடிவைக் கையில் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார வைப்பது. இதற்குத் துறையில் யாரும் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. தொடர் எழுதுகிறவர்களே இடைவேளைக்காக ஒரு திருப்பம் வைத்து எழுதிக் கொடுப்பார்கள்.

படங்களுக்கு அப்படி யாரும் எழுதி வைப்பதில்லை. எங்கே வெட்டுவது என்று நாங்களே குறிக்க வேண்டும். இரண்டரை மணி நேரப் படத்தைப் பண்டிகை நாளில் நான்கு மணி நேரம் ஓட்டியிருக்கிறோம். பாட்டுக்கு நடுவில் வெட்டக் கூடாது, சண்டைக்கு நடுவில் வெட்டக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அழுகைக்கு நடுவில் வெட்டக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஒரு ஞாயிறு பிற்பகல், தாய் இறந்த காட்சியில் மகன் வாய்விட்டு அழத் தொடங்கும் இடத்தில் குறித்துவிட்டேன். அடுத்த நொடி ஒரு நகைக்கடை, மேளதாளத்தோடு. தொலைபேசியில் வந்தவர் நடுவயதுக்காரர்போல் இருந்தார். "எங்கள் வீட்டில் இன்னும் பதினாறாம் நாள் காரியம்கூட ஆகவில்லை" என்று மட்டும் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. ரிசீவரை வைக்கும் சத்தம்கூட மெதுவாகத்தான் கேட்டது. இன்றைக்கும் அந்தப் படத்தின் அந்தக் காட்சி எங்காவது ஓடினால் எழுந்து போய்விடுகிறேன்.

அந்த மேளதாளம் அவரை அடித்ததற்கு ஒலி அளவும் காரணம். மறுநாள் ஒலிப் பொறியாளரிடம் போய் நின்றேன். விளம்பரம் வந்தால் ஒலி கூடுகிறது என்று எல்லாரும் சொல்கிறார்களே, நாம் கூட்டுகிறோமா என்று கேட்டேன். அவர் மீட்டரைக் காட்டினார். படத்தின் உச்சமும் விளம்பரத்தின் உச்சமும் ஒரே கோட்டில்தான் நின்றன. ஆனால் படத்தில் முள் மேலும் கீழும் ஆடியது. மெல்லிய பேச்சில் விழுந்தது, கதறலில் எழுந்தது. விளம்பரத்தில் அது உச்சத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. மெல்லிய ஒலிகளையெல்லாம் மேலே தூக்கி இறுக்கிப் பதிவுசெய்து அனுப்புகிறார்கள் என்று விளக்கினார். மீட்டருக்கு அளவு ஒன்று, காதுக்கு அளவு வேறு. அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சட்டம் 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. விளம்பரத்தின் சராசரி ஒலி நிகழ்ச்சியின் சராசரி ஒலியைத் தாண்டக் கூடாது என்கிறது அது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதே ஆண்டு மே மாதம் வெளியிட்ட விதிகளிலும் இப்படி ஒரு பிரிவு இருந்தது. எங்கள் அறையில் அதனால் எதுவும் மாறவில்லை. தொட்டிலில் குழந்தையைப் போட்டுவிட்டுத் தொடர் பார்க்கும் பெண்கள் ஒரு கையில் ரிமோட்டைப் பிடித்தபடியேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

நேரத்துக்கும் விதி உண்டு. கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது. அதில் பத்து நிமிடம் வணிக விளம்பரம், இரண்டு நிமிடம் அலைவரிசையின் சொந்த அறிவிப்பு. நிகழ்ச்சி ஓடும்போது திரையின் அடிப்பகுதியில் பட்டை போட்டு விற்பதையும் அதே விதிகள் தடுக்கின்றன. கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு அந்தத் தடையின் கதி தெரியும். முதல் பந்து பாதி போன பிறகு ஆட்டத்துக்குத் திரும்புவதும் தெரியும்.

12 நிமிடத்தைக் கறாராகப் பின்பற்றச் செய்வது என்று டிராய் இறங்கியது. 2013-ல் அக்டோபர் 1 என்று நாளும் குறிக்கப்பட்டது. எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் கலக்கம். எந்த இடைவேளையைக் குறைப்பது, எதை விடுவது என்று கூட்டத்துக்குமேல் கூட்டம் நடந்தது. அந்தக் கலக்கத்தைப் பார்த்து எனக்குத் துணிச்சல் வந்தது. எப்படியும் குறைக்கத்தான் போகிறோம், குறைத்ததை ஒரே அளவாக வைத்துவிடலாமே, முதல் இடைவேளை இரண்டு நிமிடம், இரண்டாவது மூன்று என்று நாள்தோறும் மாறாமல் வைத்து, திரையின் மூலையில் ஒரு சிறிய கடிகாரத்தையும் போடலாமே என்று எழுதிக் கொடுத்தேன். விற்பனைப் பிரிவுத் தலைவர் படித்துவிட்டு ஒரே வாக்கியத்தில் முடித்தார்: "மூன்று நிமிஷம் என்று சொன்னால் மூன்று நிமிஷமும் எழுந்து போய்விடுவார்களே, மேடம்."

இப்போதும்தானே எழுந்து போகிறார்கள் என்று சொன்னேன். இப்போது எப்போது திரும்புவது என்று தெரியாமல் சீக்கிரம் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள் என்றார். அதுதான் அவர்கள் விற்ற சரக்கு. நேயரின் பதற்றம். அன்று அந்த அறையில் எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவர் பக்கத்து நியாயம் ஒன்று எனக்குத் தெரியாமல் இல்லை. எங்களுடையது கட்டணமில்லாத அலைவரிசை. சம்பளமும் செயற்கைக்கோள் வாடகையும் கேபிள் நிறுவனங்களுக்குக் கொடுக்கும் பணமும் விளம்பரத்திலிருந்துதான் வந்தாக வேண்டும்.

பிற்பகல் மறுஒளிபரப்புப் படத்துக்கு மட்டும் கடிகாரம் போட அனுமதி கிடைத்தது. வெள்ளை எண்கள், இடது மேல்மூலையில், நொடி நொடியாகக் குறையும். தீபாவளி வாரத்தில் மட்டும் எடுத்துவிடச் சொன்னார்கள், பிறகு திரும்பப் போட்டேன். அந்த மாதங்களில் பிற்பகலில் தொலைபேசியில் திட்டு கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஒரு தாத்தா கூப்பிட்டு, கடிகாரம் இருப்பதால் மாத்திரையை எடுத்துவர முடிகிறது, இரவிலும் போடுங்கள் என்றார். ஒளிபரப்பாளர்கள் சிலர் அந்த 12 நிமிட விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்திருந்தார்கள். டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம், விதியை மீறுகிறவர்கள்மீது இப்போதைக்குக் கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எங்கள் அலுவலகத்தில் கலக்கம் தீர்ந்தது. கடிகாரமும் போனது.

அதன் பிறகு என் கைக்கு எட்டிய ஒன்றைச் செய்தேன். ஒவ்வோர் இடைவேளையின் முடிவிலும் தொடரின் பெயரைக் காட்டும் அட்டை ஒன்று வரும். பம்பர் என்போம். மூன்று நொடி. அதைப் பத்து நொடியாக்கினேன். கூடுதல் ஏழு நொடியைச் சொந்த அறிவிப்புக்கு உரிய இரண்டு நிமிடத்திலிருந்து எடுத்துக்கொண்டேன், அதனால் விற்பனைப் பிரிவில் யாரும் கேட்கவில்லை. ஒலிப் பொறியாளர் அதற்கென்று புல்லாங்குழலில் ஒரு சிறு மெட்டு எடுத்துக் கொடுத்தார். விளம்பரங்களின் இரைச்சல் அடங்கி அந்தக் குழல் கேட்டால் கதைக்கு இன்னும் பத்து நொடி இருக்கிறது என்று பொருள். எல்லா இரவுகளிலும், எல்லா இடைவேளைகளிலும் அதே மெட்டு. இன்னொன்றும் செய்தேன். துக்கக் காட்சிக்குப் பின் வரும் முதல் விளம்பரத்தை நானே கேட்டுப் பார்த்த பிறகுதான் நிரலில் ஏற்றுவேன்.

ஆரணி அம்மாள் மறுபடி பேசவே இல்லை. அவர் பேசிய அன்று எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளாமல் போனேனே என்று பலமுறை நொந்திருக்கிறேன். உள்ளறையில் கணவரைத் தாங்கிப் பிடித்திருக்கும்போது அந்தக் குழல் அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.

2019-ல் புதிய கட்டண முறை வந்தது. நூறு அலைவரிசைகளுக்கு வரி நீங்கலாக 130 ரூபாய், கட்டண அலைவரிசைகளுக்குத் தனித்தனியே விலை. அதற்குப் பிறகு தொலைபேசியில் வந்த குரல்களில் புதிதாக ஒரு கசப்பு சேர்ந்துகொண்டது. "மாதாமாதம் பணமும் கட்டுகிறோம், விளம்பரமும் பார்க்கிறோம். இரண்டில் ஒன்றுதானே நியாயம்?" எங்கள் அலைவரிசைக்குக் கட்டணம் இல்லை என்று விளக்கிச் சொல்லலாம். மொத்தமாக ஒரே பில்லில் பணம் கட்டுகிறவருக்கு அந்த விளக்கம் எதற்கு? அவர் கேட்டது நியாயம் என்றே நான் சொன்னேன். அப்படிச் சொல்லக் கூடாது என்று ஒருமுறை எச்சரிக்கையும் வாங்கினேன்.

நான் வேலையை விட்டது 2020-ல். கடைசி மாதம் புதிய மென்பொருளுக்கு மாறினோம். நிரலை ஆராய்ந்த இளைஞர் என்னிடம் வந்து, இந்தப் பத்து நொடி தினமும் எல்லா இடைவேளையிலும் வீணாக இருக்கிறதே, எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கவனமாகக் கேட்டார். வருத்தத்தோடுதான் சொன்னார், மேலிடத்து உத்தரவு என்று. அன்று மாலையே அது மூன்று நொடியானது. மூன்று நொடியில் அந்த மெட்டு அடங்காது. முதல் இரண்டு சுரங்களோடு நின்றுவிடும்.

இப்போது அம்மாவோடு இருக்கிறேன். எண்பது வயது, மூட்டுவலி, எழுந்திருக்க நேரம் ஆகும். இடைவேளை விட்டால் ரிமோட்டில் ஒலியைக் குறைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறேன். பின்கட்டுக்குப் போய்வர அவருக்கு நான்கு நிமிடம் பிடிக்கும். நேற்று பாதி வழியில் நின்று, "ஆரம்பித்துவிட்டதா பார்" என்றார். நான் கூடத்துக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். சோப்புத்தூள் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னும் இல்லை அம்மா, மெதுவாக வாருங்கள்" என்று சொல்லிவிட்டு, திரையைப் பார்த்தபடி வாசற்படியிலேயே நின்றேன்.