மூலக்கூறு மாதிரிப் பெட்டி வாங்கப் போகிறீர்களா? முதலில் காபனின் துளையைப் பாருங்கள்

உயர்தரத்தில் சேதன இரசாயனம் தொடங்கிய கையோடு ஒரு பிழை திரும்பத் திரும்ப வரும். பியூற்றேனை ஒருதரம் நேராகவும் ஒருதரம் வளைத்தும் வரைந்துவிட்டு, இரண்டும் வேறு வேறு சமபகுதியங்கள் (ஒரே சூத்திரம், வேறு அமைப்பு) என்று எழுதுவது. பந்துகளையும் குச்சிகளையும் கொண்டு கட்டிய மாதிரியைக் கையில் எடுத்து நடுப் பிணைப்பைத் திருகிப் பார்த்தால் அந்தக் குழப்பம் அன்றோடு தீரும். ஆனால் எல்லாப் பெட்டியும் அதற்கு உதவாது. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கடையில் பார்த்து வாங்கினாலும், இணையத்தில் எடுப்பித்தாலும், மட்டையில் போட்டிருக்கும் மொத்தத் துண்டுகளின் எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

முதலில் கறுப்புப் பந்து, அதாவது காபன். நான்கு துளையிலும் ஒரே நீளக் குச்சிகளைச் செருகி மேசையில் வையுங்கள். எந்த மூன்றைக் காலாக வைத்தாலும் நான்காவது செங்குத்தாக மேலே நிற்க வேண்டும். அதுதான் 109.5° நான்முகி. துளைகள் சிலுவைபோல ஒரே தளத்தில் இருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். 1865 இல் லண்டனில் இரசாயனவியலாளர் ஹொஃப்மன் குரோக்கே விளையாட்டுப் பந்துகளால் செய்துகாட்டிய மெதேனும் தட்டையாகத்தான் இருந்தது. காபனின் நான்முகி வடிவத்தை வான்ற் ஹொஃபும் லெ பெலும் முன்வைத்தது 1874 இல். (காபனுக்குக் கறுப்பு, ஐதரசனுக்கு வெள்ளை, ஒட்சிசனுக்குச் சிவப்பு என்ற நிறங்கள் ஹொஃப்மனின் பந்துகளிலேயே இருந்தவை.)

அடுத்து எதேனைக் கட்டுங்கள். நடுக்குச்சி விரலால் திருக இலகுவாகச் சுழல வேண்டும். ஆனால் தூக்கிப் பிடித்தால் தானாகக் கழன்று விழக்கூடாது. இறுகிப்போய்ச் சுழலாத பெட்டியில் பியூற்றேன் பாடமே நடக்காது.

எத்தனை பந்து வேண்டும்? ஒளியியல் சமபகுதியம் விளங்க, ஆடிவிம்பங்களான இரண்டு மூலக்கூறுகளையும் ஒரே நேரத்தில் கட்டி, ஒன்றை மற்றதன்மேல் பொருத்திப் பார்க்க வேண்டும். கணக்கு அங்கிருந்துதான் வருகிறது. பியூற்றன்-2-ஓல் இரண்டுக்கு 8 காபன், 20 ஐதரசன், 2 ஒட்சிசன், 28 ஒற்றைப் பிணைப்புக் குச்சிகள். இலக்ரிக் அமிலம் இரண்டுக்கு 6 ஒட்சிசன். பென்சீனுக்கு 6 நெகிழும் குச்சிகள் (ஓர் இரட்டைப் பிணைப்புக்கு இரண்டு வீதம் வளைத்துச் செருகுபவை). இவை எல்லாம் உள்ள பெட்டி ஒரு மாணவருக்குப் போதும். மேலதிகமாக 4 குளோரீன், ஒரு புரோமீன், 2 நைதரசன் இருந்தால் நல்லது. நைதரசனில் நான்கு துளை உள்ளதையே தேடுங்கள்: வெறுந்துளை தனிச்சோடியை (பிணைப்பில் சேராத இலத்திரன் சோடியை) காட்டும், அதிலேயே ஐதரசனைச் செருகினால் அமோனியம் அயன். மூன்று துளையில் இது முடியாது.

நெகிழும் குச்சியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இரண்டை வளைத்துச் செருகினால் பியூற்-2-ஈன் சுழலாது. சிஸ்ஸை (இரண்டு மெதைலும் ஒரே பக்கம்) திரான்ஸாக (எதிர்ப்பக்கம்) மாற்றக் கழற்றத்தான் வேண்டும். அதைக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அந்த மாதிரியில் இரட்டைப் பிணைப்புக் காபனில் ஐதரசனுக்கும் மெதைலுக்கும் இடையிலான கோணம் 109.5° ஆகவே நிற்கும். உண்மையில் கிட்டத்தட்ட 120°. பென்சீனிலும் ஒற்றை, இரட்டை என்று மாறி மாறித் தெரியும். உண்மையில் ஆறு பிணைப்பும் ஒரே நீளம், 0.139 நனோமீற்றர். மாதிரியைப் பார்த்துக் கோணமும் நீளமும் எழுதிவிடாதீர்கள்.

சேதன இரசாயனத்துக்கென்று விற்கும் பெட்டிகளில் ஐந்து துளை, ஆறு துளைப் பந்துகள் பெரும்பாலும் இராது. பொசுபரசு ஐங்குளோரைட்டுக்கும் கந்தக அறுபுளோரைட்டுக்கும் ஒவ்வொன்று வேண்டும். ஆறு துளைப் பந்தில் எதிரெதிரான இரண்டை வெறுமையாக விட்டால் செனன் நாற்புளோரைட்டின் சதுரத்தளம் கண்முன் வரும்.

குச்சியை நேரே இழுக்காமல் திருகிக்கொண்டே இழுங்கள். முறிந்து உள்ளே நின்றால் சிறிய திருகாணியை மெல்ல இறுக்கி அதோடு சேர்த்து வெளியே எடுக்கலாம். வெப்பமான கச்சான் காற்று வீசும் காலத்தில் பெட்டியை யன்னல் வெயிலில் வைக்காதீர்கள். நெகிழும் குச்சிகள் விறைத்து வெடிக்கும்.

வாங்க வசதியில்லையென்றால் களிமண்ணும் ஈர்க்கும் போதும். ஈர்க்கின் தடித்த அடிப்பக்கத்தில் நான்கு துண்டு எடுத்துக் களிப்பந்தில் செருகுங்கள். பந்தின் மையத்திலிருந்து ஒவ்வொரு நுனிக்கும் 6 செ.மீ என்று வைத்தால், எந்த இரண்டு நுனிக்கும் இடையிலான தூரம் 9.8 செ.மீ வரவேண்டும், மூன்று காலில் நிற்கும்போது மையம் மேசையிலிருந்து 2 செ.மீ உயரத்தில் இருக்கும். களி காயும்போது சுருங்கிக் கோணம் இழுபடும். ஆகவே ஈரத்தில் ஒருதரம் அளந்து, அரைக்காய்ச்சலில் மீண்டும் அளந்து, ஈர்க்கை நிமிர்த்திவிட்டு முழுதாக நிழலில் காயவிடுங்கள்.