தாம்பரம் பக்கம் குடிவந்தால்: எந்த வேலைக்கு எந்த அலுவலகம்

தாம்பரம் பக்கம் புதிதாக வீடு வாங்கியவர்கள் அலைவதற்கு முக்கியக் காரணம், அஞ்சல் முகவரியை வைத்து அலுவலகத்தைத் தேடுவதுதான். பின்கோடு தபால்காரருக்கு மட்டும்தான் உதவும். வரி, பட்டா, மின்சாரம், ரேஷன், காவல் நிலையம் என்று ஒவ்வொன்றுக்கும் எல்லை தனித்தனி. ஒரே தெருவில் இரண்டு பக்கத்து வீடுகள் இரண்டு அலுவலகங்களுக்குப் போக வேண்டியிருக்கலாம்.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். 70 வார்டு, 5 மண்டலம். ஆனால் பக்கத்திலேயே இருக்கும் மேடவாக்கமும் வேங்கைவாசலும் அந்த இணைப்பில் சேரவில்லை. 2022 ஜனவரி 1 முதல் இயங்கும் தாம்பரம் காவல் ஆணையரகத்தின் எல்லையோ மாநகராட்சியைத் தாண்டி வெகுதூரம் போகிறது. ஆகவே 'தாம்பரம்' என்ற பெயரைக் கேட்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். வீட்டின் கடைசி வரி ரசீதில் மாநகராட்சி என்று இருக்கிறதா, ஊராட்சி என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மின்சாரத்துக்கு விடை கையிலேயே இருக்கிறது. வெள்ளை அட்டையில் உள்ள மின் இணைப்பு எண்ணை எடுங்கள். முதல் 2 இலக்கம் மண்டலம்; தென்சென்னை மண்டலம் என்றால் 09. அடுத்த 3 இலக்கம் பிரிவு அலுவலகம். அதற்கடுத்த 3 இலக்கம் பகிர்மான எண், மிச்சம் உங்கள் இணைப்பு. மீட்டர் ஓடவில்லை, பெயர் மாற்ற வேண்டும் என்றால் அந்தப் பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளரைத்தான் பார்க்க வேண்டும். வீட்டுக்குக் கிட்டே இருக்கிற ஈபி ஆபீஸ் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. கரண்ட் போனால் மட்டும் எந்த எல்லையும் பார்க்க வேண்டாம், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தைக் கூப்பிடுங்கள்: 94987 94987.

சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். இணைப்புக்குப் பிறகு பலருக்கு வார்டு எண்ணும் வரி எண்ணும் மாறிவிட்டன. பழைய ரசீது எண்ணைப் போட்டு ஆன்லைனில் தேடினால் வராது. பழைய ரசீதோடு மண்டல அலுவலக வரி வசூல் கவுன்டரில் கேட்டால் புது எண்ணைச் சொல்வார்கள். குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் எண்கள் வேறு. சொத்துவரி கட்டியதால் அவையும் கட்டியாயிற்று என்று இருந்துவிட்டால், பெயர் மாற்றப் போகும் நாளில் பாக்கி வந்து நிற்கும். வரியோடு 10 சதவீதம் நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தில் தொடங்கிய ஏற்பாடு அது. உங்கள் பகுதிக் கிளை நூலகம் அந்தக் காசில்தான் நடக்கிறது. உறுப்பினராகாமல் இருப்பது பெரிய இழப்பு.

அதிகம் பேர் சிக்கிக்கொள்வது பட்டாவில். பத்திரம் பதிந்தாயிற்று, வரியிலும் பெயர் மாறிவிட்டது, எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். வரி ரசீது மாநகராட்சியின் கணக்கு, பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. ஒன்று மாறினால் மற்றது தானாக மாறிவிடும் என்று நம்பியிருக்காதீர்கள். பட்டாவுக்கு வேண்டியது வருவாய் கிராமத்தின் பெயர். கேம்ப் ரோடு என்று சொல்லிப் பஸ்ஸில் டிக்கெட் வாங்கலாம். வருவாய்க் கணக்கில் அப்படி ஒரு கிராமம் கிடையாது. பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரம் எழுதிய பகுதியில் கிராமம், வட்டம், சர்வே எண் மூன்றும் இருக்கும். அதை வைத்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

வாங்கிய இடம் ஒரு சர்வே எண்ணை முழுதாக அடக்கியிருந்தால் வேலை சுலபம். ஒரு பகுதிதான் என்றால் உட்பிரிவு செய்ய வேண்டும், சர்வேயர் வந்து அளக்க வேண்டும். விண்ணப்பத்தில் 'உட்பிரிவு இல்லாதது' என்று தவறாகக் குறித்தால் நிராகரித்துவிடுவார்கள், மறுபடி முதலிலிருந்து. நகர அளவை முடிந்த இடங்களில் இன்னொரு குழப்பம் உண்டு: பத்திரத்தில் பழைய சர்வே எண், அரசுக் கணக்கில் வார்டு, பிளாக், நகர அளவை எண். இரண்டும் ஒரே நிலம்தான் என்று காட்டும் ஒத்திசைவுப் பதிவை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கி இணைத்துவிட்டால் பாதி தாமதம் குறையும்.

ரேஷன் கார்டைப் பொறுத்தவரை, முகவரி மாற்றியே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் வாங்கலாம் என்பது உண்மை. ஆனால் கடைக்குச் சரக்கு வருவது அந்தக் கடையில் பதிந்த அட்டைகளின் கணக்கில். மாதக் கடைசியில் போகும் வெளிக்கடை அட்டைக்கு இருப்பு இருக்காது. வாடகை ஒப்பந்தமோ கேஸ் பில்லோ வைத்து ஆன்லைனிலோ இ-சேவை மையத்திலோ மாற்றலாம். கைரேகை பதியாத முதியவர்கள் இருந்தால் கடைக்காரரிடம் அங்கீகாரப் படிவம் கேளுங்கள், வேறொருவர் போய் வாங்கலாம்.

பிறப்புச் சான்றிதழில் மட்டும் நீங்கள் குடியிருக்கும் இடம் கணக்கிலேயே இல்லை. குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவு. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பிறந்தால் பெருநகர சென்னை மாநகராட்சி; தாம்பரத்தில் கேட்டுப் பயனில்லை. 21 நாளுக்குள் பதிவு இலவசம், மருத்துவமனையே அனுப்பிவிடும். பெயர் முடிவாகவில்லை என்றாலும் பதிவு நடக்கும். 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. டிஸ்சார்ஜுக்கு முன் மருத்துவமனை தரும் படிவத்தில் அப்பா, அம்மா பெயரை ஆதாரில் உள்ளபடி எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள், இனிஷியல் உட்பட. அங்கே விட்ட ஓர் எழுத்தைத் திருத்த, பிறகு சான்றுகளோடு எழும்பூருக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடக்க வேண்டிவரும்.