சம்பளச் சீட்டில் சேர்ந்த தேதி

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் காலை ஷிப்டுக்கு ஆள் இறங்கும்போது ஒரே வாசலில் மூன்று, நான்கு நிறத்தில் கேட் பாஸ் தெரியும். குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். செய்வதும் ஒரே ஷெட்டில் ஒரே மூட்டை வேலைதான். நிறம் மட்டும் காண்ட்ராக்டருக்குக் காண்ட்ராக்டர் வேறு. சம்பளத்தில் ஒரு சந்தேகம் என்றால் யாரைக் கேட்பது என்பதை அந்த நிறம் தீர்மானித்துவிடுகிறது.

காண்ட்ராக்டர் ஏமாற்றுகிறார் என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வது எளிது. அவர் டெண்டரில் போட்ட ரேட்டைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். கணக்குக்காக நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26 நாளுக்கு 13,000. வேலை கொடுப்பவர் பங்காகப் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், காப்பீட்டுக்கும் நிர்வாகக் கட்டணத்துக்கும் அரை அரை சதவீதம், ஆக 1,690. இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு 3.25 சதவீதம், 423. ஓர் ஆளுக்கு 15,113 ரூபாய். தீபாவளி போனசும் விடுப்புச் சம்பளமும் தனி. இதன்மேல் சர்வீஸ் சார்ஜ் யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கே வேலை. 3 சதவீதம் என்று ஒருவர் எடுத்தால் ஆளுக்கு 453. நூறு பேருக்கு மாதம் 45,300 வரும்.

ஆனால் அந்த நூறு பேருக்கும் ஏழாம் தேதிக்குள் சம்பளம் போட வேண்டும். பதினைந்தாம் தேதிக்குள் பிஎஃப் கட்ட வேண்டும். கட்டிய சலானை இணைத்தால்தான் பில்லே நகரும். பாஸாகிப் பணம் வர ஒன்றரை மாதம் என்று வைத்தால், பதினைந்து லட்சத்துக்குமேல் கைமுதல் முடங்கிக் கிடக்கும். ஒன்றரை வட்டிக்கு வாங்கியிருந்தால் வட்டி மட்டும் 34,000. மிச்சம் பதினோராயிரத்துச் சொச்சம். சூப்பர்வைசர் ஒருவருடைய சம்பளத்துக்கே அது காணாது. ஷூ, யூனிஃபார்ம், வேன் வாடகைக்கு எங்கே போவது? இந்த ரேட்டில் நேர்மையாக நடத்த முடியாது என்பது பர்ச்சேஸ் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். தெரிந்தேதான் கையெழுத்தாகிறது. பிறகு பிரச்சினை வந்தால் "அது காண்ட்ராக்டர் விஷயம்" என்ற பதில் தயார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் கம்பெனிதான் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். பிஎஃபுக்கும் அதே பொறுப்பு உண்டு.

ஆக, குறைகிற பணத்தைச் சம்பளச் சீட்டுக்குள்ளிருந்தே எடுக்கிறார்கள். முதல் இடம் அடிப்படைச் சம்பளம். 500 ரூபாயை 300 பேசிக், 200 படி என்று உடைத்தால் பிஎஃப் கணக்கு 7,800 ரூபாய்க்கு இறங்கிவிடும். ஆளுக்கு 676 ரூபாய் மிச்சம். நூறு பேருக்கு 67,600. சர்வீஸ் சார்ஜைவிடக் கூடுதல்! எல்லோருக்கும் ஒரே மாதிரி தரப்படும் படியைப் பிஎஃப் கணக்கிலிருந்து விலக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் சொல்லியாகிவிட்டது. அப்படியும் உடைப்பது நிற்கவில்லை. காரணம், தொழிலாளிக்கும் இது பிடித்திருக்கிறது. அவர் பங்கு 1,560-லிருந்து 936 ஆகும்போது கையில் 624 ரூபாய் கூட வருகிறது. "பிஎஃப் எல்லாம் எதுக்குண்ணே, கையிலயே கொடுத்துடுங்க" என்று கேட்பவர் அவரேதான். மறுபக்கம் அவர் பெயரில் விழ வேண்டிய இன்னொரு 624 காணாமல் போவதைச் சீட்டு காட்டாது. ஏமாற்று வேலை நீடிக்க இரண்டு தரப்பின் சம்மதமும் வேண்டும். அந்தச் சம்மதத்தின் விலை இங்கே 624 ரூபாய்.

இரண்டாவது இடம் வேலை நாள். 26 நாள் வந்தவருக்குச் சீட்டில் 12 நாள் போட்டு, மீதியைப் பேட்டா என்று கையில் கொடுப்பார்கள். அந்த மாதம் யாருக்கும் ஒரு நஷ்டமும் தெரியாது. இஎஸ்ஐயில் உடல்நலக் குறைவுக்கான உதவித்தொகை வாங்க, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும். பன்னிரண்டு ஆறும் 72. ஆறு நாளில் போயிற்று. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைதான் கணக்குக்கு வரும். ஆகவே மே மாதம் சீட்டில் குறைத்த நாள், அடுத்த பிப்ரவரியில் மஞ்சள் காமாலை வந்து படுக்கும்போதுதான் முகத்தைக் காட்டும். அதற்குள் எந்த மாதம் யார் நாளைக் குறைத்தார் என்பது யாருக்கு நினைவிருக்கும்?

ஓவர்டைம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கு 62.50 என்றால் இரட்டிப்பு 125. நான்கு மணி நேரத்துக்கு 500 வர வேண்டும். "அரை டூட்டி" என்று சொல்லி 250 தருவார்கள். அந்த ஒரு சொல்லிலேயே பாதி போய்விடுகிறது.

போனஸ் கதை கொஞ்சம் வேடிக்கையானது. ஆண்டில் 30 நாள் வேலை செய்தவருக்கே சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம் தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஸ்வீட் பாக்ஸோடு சேர்த்து, வரிசையில் நிற்கவைத்து, காண்ட்ராக்டர் கையால் கொடுக்கும்போது அது இனாம் ஆகிவிடுகிறது. வாங்குபவர் கும்பிட்டு வாங்குகிறார். இனாம் குறைந்தால் யார் சண்டை போடுவார்கள்? போதாததற்கு, வேலைக்குச் சேர்த்துவிட்ட சூப்பர்வைசர் அதே தெருவில் மாமன் முறையாக இருப்பார். தங்கச்சி கல்யாணத்துக்கு மொய் வைத்தவரிடம் சம்பளச் சீட்டைக் காட்டிக் கேள்வி கேட்க நாக்கு எழாது. உள்ளூர் ஆளை அடக்க இந்த உறவுமுறையே போதும்.

வடக்கே, புதுச்சேரியில், 1936 ஜூலை 30 அன்று பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். எட்டு மணி நேர வேலை அந்தப் போராட்டத்தின் விளைவு. அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது: ஒரு மில்லுக்கு ஒரே முதலாளி, ஒரே கேட். இன்று நூறு பேரை ஒருவரிடம் வைப்பதைவிட நாற்பது நாற்பதாகப் பிரிப்பதில் லாபம் உண்டு. காண்ட்ராக்டருக்கு உரிமம் தேவைப்படும் ஆள் கணக்கு பழைய சட்டத்தில் 20. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 50.

எல்லாவற்றிலும் விலை உயர்ந்த இடம் சீட்டின் மேல்மூலையில் இருக்கும் சேர்ந்த தேதி. அதை யாரும் பார்ப்பதே இல்லை. ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தால் பணிக்கொடை உண்டு. ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி, நம் கணக்கில் 7,500, ஐந்து ஆண்டுக்கு 37,500. நான்காவது ஆண்டு மார்ச் கடைசியில் ஒப்பந்தம் கை மாறும். புதிய நிறுவனம் காண்ட்ராக்டரின் மைத்துனர் பெயரில் இருக்கும். ஏப்ரல் முதல் தேதி அதே ஆள், அதே மூட்டை. பாஸின் நிறமும் தேதியும் மட்டும் புதிது.

தொடர்ந்து வேலை செய்ததைக் காட்டச் சான்று இல்லாமல் இல்லை. பிஎஃப் எண் ஒன்றாகவே இருந்தால், அதன்கீழ் ஒவ்வொரு காண்ட்ராக்டரிடமும் சேர்ந்த நாளும் விலகிய நாளும் வரிசையாகப் பதிவாகியிருக்கும். இஎஸ்ஐ எண்ணும் மாறாது. அதனால்தான் சில இடங்களில் "பழைய நம்பர் வேண்டாம், புதுசா போட்டுக்கலாம்" என்று அக்கறையாகச் சொல்வார்கள். பழைய எண்ணையே கொடுக்க வேண்டும். பழைய கேட் பாஸைத் திருப்பிக் கேட்டால் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்துக்கொண்டு கொடுக்கலாம். மார்ச் கடைசி வாரம் நீட்டப்படும் தாளில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்கும், "எனக்குச் சேர வேண்டிய அனைத்தும் பெற்றுக்கொண்டேன்" என்றிருக்கும், தொகை எழுதும் இடம் மட்டும் காலியாக இருக்கும்.