எம்.பி.ஏ. ப்ராஜெக்ட் எழுதும் தம்பி தங்கைகளுக்கு

மதுரையில் எம்.பி.ஏ. கடைசி செமஸ்டர் படிக்கும் பிள்ளைகள் பலர், ரிப்போர்ட்டை முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாக எழுத உட்காருகிறார்கள். வேண்டாம். முதலில் கேள்வியைப் பிடியுங்கள். ‘மதுரை மல்லி வணிகம்’ என்பது வெறும் தலைப்பு. ‘மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளில் விலை ஏறும்போது, அதில் விவசாயி கைக்கு எவ்வளவு போகிறது?’ என்பதுதான் கேள்வி. இப்படிக் கேட்டுவிட்டால் யாரைப் பார்க்க வேண்டும், என்ன விசாரிக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

விவசாயியிடம் போய் ஐந்து புள்ளி லிக்கர்ட் அளவுகோலை (‘முழுதும் ஒப்புக்கொள்கிறேன்’ முதல் ‘முழுதும் மறுக்கிறேன்’ வரை ஐந்தில் ஒன்றைத் தேர்வு செய்யச் சொல்லும் கேள்விமுறை) நீட்டாதீர்கள். அது கருத்தை அளக்கத்தான். அவரிடம் போன வாரம் கிலோ என்ன விலைக்குப் போனது, கமிஷன் எவ்வளவு பிடித்தார்கள் என்று கேளுங்கள்.

அப்புறம் சாம்பிள். மொத்த எண்ணிக்கைக்கு எத்தனை பேரை விசாரித்தால் போதும் என்று சொல்லும், 1970-இல் வந்த கிரெஜ்சி–மார்கன் அட்டவணைப்படி 1000 பேருக்கு 278 பேர் வேண்டும். அத்தனை பேரைப் பார்க்க முடியவில்லையா, சரி, ‘ஆய்வின் வரம்புகள்’ பகுதியில் அதை அப்படியே எழுதுங்கள். விடுதி அறையில் உட்கார்ந்து படிவங்களை நீங்களே நிரப்புவது மட்டும் கூடவே கூடாது. அந்த விவசாயிக்குச் செய்கிற அநியாயம் அது.

முந்தைய ஆய்வுகளை ஆண்டுவாரியாக அடுக்காமல், யார் எதில் முரண்படுகிறார்கள் என்று பிரித்து எழுதுங்கள். முன்னுரையைக் கடைசியில் எழுதினால் போதும்.