பாப்பா தூங்கவே இல்லை: தத்தெடுத்த பிறகு வந்த இரவுகள்

2019 டிசம்பரில், தத்தெடுப்புக்கான மத்திய அரசு அமைப்பான காராவின் தளத்தில் பதிந்தோம். வீட்டு ஆய்வு, காத்திருப்பு, குழந்தையின் விவரம் வந்ததும் 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்வது, குழந்தைகள் இல்லத்துக்குப் போய்ப் பார்ப்பது எல்லாம் இந்த வழியில் வந்தவர்களுக்குத் தெரிந்த கதைதான். எங்களுக்கு அதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. 2023 ஜூனில் பாப்பா திருநெல்வேலிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்போது அவளுக்கு 19 மாதம். நான் எழுத வந்தது அதற்குப் பிறகான இரவுகளைப் பற்றி. அந்த நாட்களில் இதைத் தமிழில் யாராவது எழுதி வைத்திருக்க மாட்டார்களா என்று விடிய விடியப் போனில் தேடியிருக்கிறேன்.

குழந்தையைப் பற்றி எங்களுக்குத் தந்த அறிக்கையில் தூக்கத்துக்கு ஒரே வரி: நன்றாகத் தூங்கும், இரவில் அழாது. இல்லத்திலும் அதையே சொன்னார்கள். "இவ தொந்தரவே தர மாட்டா மேடம், தங்கமான பிள்ளை." எங்களுக்கும் சந்தோஷம்தான். அந்த ஒரு வரியை அப்படியே நம்பியதுதான் நாங்கள் செய்த முதல் தவறு.

முதல் இரண்டு இரவு சத்தமே இல்லை. மூன்றாம் இரவு இரண்டு மணி வாக்கில் தண்ணீர் குடிக்க எழுந்தேன். பாப்பா அவளுடைய புதுக் கட்டிலில் கண்ணை அகலத் திறந்தபடி படுத்திருந்தாள். தலையை இடமும் வலமுமாக உருட்டிக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்த்தாள். கை நீட்டவில்லை, அழவில்லை. மறுநாள் இரவு நானும் கணவரும் மாறி மாறி விழித்திருந்து பார்த்தோம். மூன்று முறை விழித்தாள். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்துக்கு மேல், ஒரு சின்ன முனகல்கூட இல்லாமல்.

பத்துப் பன்னிரண்டு குழந்தைகளுக்கு இரவில் ஓர் ஆயா என்றால், அழுதவுடன் ஓடிவர அவரால் முடியாது. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அழுதால் ஆள் வராது என்று தெரிந்துகொண்ட குழந்தை அழுவதையே விட்டுவிடுகிறது. தலையை உருட்டுவதும், முட்டி போட்டு நின்று முன்னும் பின்னும் ஆடுவதும் அது தன்னைத் தானே தாலாட்டிக்கொள்வது. தத்தெடுக்கப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: குழந்தை சத்தம் போடவில்லை என்பதால் தூங்குகிறது என்று நினைக்காதீர்கள். முதல் வாரம் எழுந்து போய்ப் பாருங்கள்.

மூன்று வாரம் கழித்து எல்லாம் தலைகீழானது. படுக்க வைத்தாலே கத்த ஆரம்பித்தாள். என் நைட்டியைப் பிடித்த பிடியை விடமாட்டாள். தோளில் தூங்கிப்போனவளைக் கட்டிலில் கிடத்தினால் முதுகு பட்டவுடன் விழிப்பாள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இது நடக்கும். அத்தை வந்து பார்த்துவிட்டு, "பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கு. மந்திரிச்சுட்டு வந்துருவோம்" என்றார். மந்திரிக்கவும் செய்தோம், சுத்தியும் போட்டோம். அதில் குழந்தைக்குக் கெடுதல் எதுவும் இல்லை, அத்தைக்கும் மனசு ஆறியது. ஆனால் பக்கத்து வீட்டு அக்கா ஜாதிக்காயை உரசிப் பாலில் கலந்து தினமும் கொடுக்கச் சொன்னபோது மறுத்துவிட்டேன். ஜாதிக்காய் அளவு மீறினால் குழந்தைக்கு விஷம். உரசும்போது எவ்வளவு இறங்குகிறது என்று யாருக்குத் தெரியும்?

அடுத்து ஒரு குழந்தை மருத்துவர். நாங்கள் சொன்னதை முழுதாகக் கேட்கவில்லை. "நீங்க தூக்கித் தூக்கிப் பழக்கிட்டீங்க. கதவைச் சாத்திட்டு மூணு நாள் அழ விடுங்க, நாலாம் நாள் தானா தூங்கும்" என்றார். கூடவே சளிக்கு ஒரு சிரப். பாப்பாவுக்குச் சளியே இல்லை. மருந்துக் கடையில் விவரம் கேட்ட பிறகுதான், அது தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மருந்து என்று தெரிந்தது. பாட்டிலைத் திறக்கவே இல்லை. அழ விடும் யோசனையை மட்டும் ஒரே ஓர் இரவு செய்து பார்த்தோம். இருபது நிமிடம் அழுதாள். சட்டென்று நின்றது. உள்ளே போய்ப் பார்த்தால் பழையபடி கண்ணைத் திறந்துகொண்டு தலையை உருட்டிக்கொண்டிருக்கிறாள். மூன்று வாரத்தில் அவள் கற்றுக்கொண்ட ஒரே நல்ல விஷயம், அழுதால் அம்மா வருவாள் என்பது. அதை நானே பிடுங்கிவிட்டேன். அந்த இரவை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. பிறந்ததிலிருந்து தாயோடு இருக்கும் குழந்தைக்கு அந்த முறை ஒத்துவருமா வராதா என்று நான் பேசவில்லை. இல்லத்திலிருந்து வந்த குழந்தையிடம் தயவுசெய்து செய்யாதீர்கள்.

அப்புறம் மதுரை. வளர்ச்சிப் பிரச்சினைகளுக்கென்றே தனிப் பிரிவு உள்ள ஒரு மருத்துவமனையில் நேரம் வாங்கினோம். விடியற்காலைப் பேருந்து, மூன்று மணி நேரப் பயணம். பதிவு கவுண்டரில் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். எங்களிடம் இருந்தது ஃபாஸ்டர் கேர் பத்திரமும் இல்லத்தின் மருத்துவ அறிக்கையும்தான். தத்து ஆணை வருவதற்கு முன் குழந்தை சட்டப்படி நம்மிடம் இருப்பதற்கு அந்தப் பத்திரம்தான் ஆதாரம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். "அம்மா பேரு இல்லாத பேப்பர வச்சு ஃபைல் போட முடியாது. ஆர்டர் வந்ததும் வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். பாப்பா என் தோளில் இருந்தாள். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது. அம்மா பேர் இல்லாத பேப்பர். திரும்பி வரும் வழியில் கோவில்பட்டி தாண்டும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆணை வரட்டும் என்றால் எப்போது வரும்? 2022 செப்டம்பர் முதல் நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர்தான் ஆணை தருகிறார். மனு போட்டு இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு நாலரை மாதம் ஆனது. அதுவரை குழந்தை தூங்காமல் இருக்க முடியாது அல்லவா? வழி இருக்கிறது. இல்லத்தின் லெட்டர்ஹெட்டில், இந்தக் குழந்தை இன்னாருடைய பராமரிப்பில் இருக்கிறது, சிகிச்சைக்கு இவர்களே சம்மதம் தரலாம் என்று ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். குழந்தையை அழைத்து வரும் அன்றே வாங்குங்கள், இரண்டு மூன்று அசலாக. போகும் மருத்துவமனைக்கு முந்தின நாளே போன் செய்து, இந்தக் காகிதங்கள்தான் இருக்கின்றன, பதிவு போடுவீர்களா என்று கேட்டு, பதில் சொன்னவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. 2017 மகப்பேறு விடுப்புத் திருத்தச் சட்டப்படி, தத்தெடுக்கும் தாய்க்கு அப்போது 12 வாரச் சம்பள விடுப்பு கிடைத்தது, குழந்தை மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருந்தால்தான். அதைக் காட்டி என் அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள். இரவெல்லாம் விழித்துவிட்டுக் காலை ஒன்பதரைக்குக் கணினி முன் உட்கார்ந்தேன். இந்த வழியில் 19 மாதக் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், அவளுக்குத் தாய் பக்கத்தில் தேவையா இல்லையா என்று.

அந்தக் கடிதம் வாங்க இல்லத்துக்கு மறுபடி போனதுதான் எங்களைக் காப்பாற்றியது. முதல் முறை போனபோது பாப்பா படுத்த போர்வையைக் கேட்டிருந்தேன், மணம் பழகியதாக இருக்குமே என்று. ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறியது, தர முடியாது என்றார்கள். இந்த முறை புதுப் போர்வைகள் ஆறு வாங்கிப்போய்க் கொடுத்துவிட்டு, இரவு ஆயாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டோம். அவர் பணிக்கு வரும் மாலை ஆறு மணி வரை வாசலில் காத்திருந்தோம். அறிக்கையில் ஒரு வரியில் முடிந்த விஷயத்தை அந்த அம்மா அரை மணி நேரம் சொன்னார். "இருட்டுல போட்டீங்களா? ஏம்மா, இங்க ராத்திரி பூரா டியூப்லைட் எரியும்ல! அவ குப்புறத்தான் படுப்பா. நான் பக்கத்துத் தொட்டிலத் தட்டிக்கிட்டு இருப்பேன், அந்த வளையல் சத்தத்துக்கே கண்ண மூடிருவா."

நாங்கள் அவளுக்குத் தந்தது என்ன? தனி அறை, ஏசி, கும்மிருட்டு, நிசப்தம், மெத்தை மணக்கும் புதுக் கட்டில். நமக்குச் சொகுசு. அவளுக்கோ கூட இருந்த பிள்ளைகளும் வெளிச்சமும் சத்தமும் ஒரே நாளில் காணாமல் போன இடம். கிளம்பும்போது ஆயாம்மா தன் பையிலிருந்து, உடுத்திப் பழசான ஒரு பருத்திச் சேலையை எடுத்துக் கொடுத்தார். "துவைக்காம விரிங்க" என்றார்.

அன்று இரவே கட்டிலை ஒதுக்கினோம். தரையில் பெரிய பாய், மூவரும் வரிசையாக. அவளுக்குக் கீழே அந்தச் சேலை. பக்கத்து அறை விளக்கு எரிய, கதவு பாதி திறந்திருந்தது. நான் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு தரையைத் தட்டினேன். ஒரே இரவில் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து முறை விழித்தவள் அன்று மூன்று முறை விழித்தாள். வெளிச்சத்தை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். முதல் சில மாதங்கள் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் நாங்கள் இருவர் மட்டும்தான். அத்தைக்கு அதில் மனத்தாங்கல் வந்தது. உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னேன்: யார் தன்னுடைய ஆள் என்று அவளுக்கு முதலில் தெரியட்டும், அப்புறம் பாட்டி எங்கே போகப்போகிறார்?

லெட்டர்ஹெட் கடிதத்தோடு வேறொரு மருத்துவரிடம் போனோம். அதற்குள் ஒரு நோட்டில் 17 நாள் கணக்கு எழுதியிருந்தேன்: எத்தனை மணிக்குப் படுத்தாள், விழித்தாள், பகலில் எவ்வளவு தூங்கினாள். போனில் வீடியோவும் இருந்தது. அவர் நோட்டைப் புரட்டிவிட்டு முதலில் கேட்டது, பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் வரும் அலறலைப் பற்றி. கண்ணைத் திறந்துகொண்டு வீரிடுவாள், என்னை அடையாளம் தெரியாது, தூக்கப் போனால் தள்ளிவிடுவாள். என்னைப் பிடிக்காமல்தான் தள்ளுகிறாள் என்று நான் எத்தனை இரவு அழுதிருக்கிறேன்! அது நைட் டெரர், ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் வருவது, குழந்தை அப்போது விழித்தே இல்லை, காலையில் நினைவும் இருக்காது என்றார் அவர். உலுக்கி எழுப்பக் கூடாது, அடிபடாமல் பக்கத்தில் இருந்தால் போதும். கெட்ட கனவு வேறு. அது பெரும்பாலும் விடியற்காலையில் வரும், அப்போது குழந்தை நிஜமாகவே விழித்து நம்மைத் தேடும், அணைத்துக்கொள்ள வேண்டும். களைப்பு கூடினால் அலறலும் கூடும் என்றார். பகலில் தூங்கவிடாமல் வைத்திருந்தால் இரவில் நன்றாகத் தூங்குவாள் என்று ஊரே சொல்லி நாங்களும் செய்துகொண்டிருந்தோம். அந்த வயதில் பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும். நோட்டின்படி அவள் தூங்கியது ஒன்பது. மதியத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அலறல் பத்து நாளில் பாதியாகக் குறைந்தது.

வீடியோவில் அவள் தூக்கத்தில் கால்களை உதைத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு இரத்தப் பரிசோதனை எழுதினார். ஹீமோகுளோபின் 9.1, உடலில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 8. இரண்டுமே குறைவு. இரும்புச் சத்து குறைந்தாலே கால் அமைதியில்லாமல் தூக்கம் கெடுமாம். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் சொன்ன அளவில் சொட்டு மருந்து, பாலோடு இல்லாமல் ஆரஞ்சுச் சாறோடு. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் அளவைத் தாண்டினால் குழந்தைக்கு ஆபத்து, பாட்டிலை எட்டாத இடத்தில் வையுங்கள். கீரிப்பூச்சிக்கும் மாத்திரை, அவளுக்கு மட்டுமல்ல, வீட்டில் எல்லோருக்கும். இரண்டு மாதத்தில் உதைப்பது பெரிதும் நின்றது.

தத்தெடுத்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை என இரண்டு வருடம் சமூகப் பணியாளர் வந்து பார்த்து அறிக்கை எழுதுவார் இல்லையா, அந்த முதல் வருகையில் நாங்கள் தூக்கத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் சரியாக வளர்க்கவில்லை என்று எழுதி, குழந்தையைத் திரும்பக் கேட்டுவிடுவார்களோ என்று பயம். இரண்டாம் முறை சொன்னேன். அந்தப் பெண் நோட்டை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு, "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா, இப்படி நாலு வீடு எனக்குத் தெரியும்" என்றார். அதில் இரண்டு வீட்டாரோடு பேச ஏற்பாடும் செய்தார். ஆறு மாதத்தை வீணடித்தோம். நீங்கள் மறைக்காதீர்கள்.

2024 ஆகஸ்டில் ஓர் இரவு நான் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே இருந்து தெருவுக்கே கேட்கும்படி ஒரு சத்தம்: "அம்மா! வா!" அவள் விழித்துவிட்டு, படுத்த இடத்திலிருந்தே என்னைக் கூப்பிட்டாள். நான் இறங்கி வருவதற்குள் இரண்டாம் முறை கூப்பிட்டாள், கோபத்தோடு. துணியெல்லாம் படியில் கிடந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போதும் இரவில் ஒரு முறை விழிக்கிறாள். கையை நீட்டி நான் இருக்கிறேனா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத் தூங்கிவிடுவாள். வெளியூரில் தங்கினால் மட்டும் முதல் நாள் கஷ்டம். அடுத்த வாரம் தூத்துக்குடியில் ஒரு கல்யாணம், மண்டபத்தில்தான் தங்கல். பாயையும் ஆயாம்மாவின் சேலையையும் எடுத்து வைத்துவிட்டேன். சேலை கிழிந்து பாதிதான் மிச்சம், அதனால் இந்த முறை என்னுடைய பழைய சேலை ஒன்றையும் அவளே மடித்துப் பையில் திணித்திருக்கிறாள்.