நாலு வாயா, ரெண்டு வாயா

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் பட்டறைக்கு அந்த வண்டி வந்தது கத்திரி வெயில் தொடங்கிய வாரம். மஹிந்திரா எஃப்.சி. 150. மூக்கில்லாமல் முகம் சப்பையாக இருக்கும் பழைய பெட்ரோல் சிறு லாரி. ஜீப்பில் வந்த அதே ஹரிக்கேன் இன்ஜின்தான், ஆனால் இதில் இரண்டு சீட்டுக்கும் நடுவே பெட்டி போட்டு மூடியிருக்கும். கொண்டுவந்தவர் குடியாத்தத்துத் தம்பி. தாத்தா ஓட்டிய வண்டி. இரண்டு வருஷமாகக் காசு சேர்த்துச் சேர்த்துச் செய்திருக்கிறார்: 40 தவ் போர் (சிலிண்டரை 0.04 அங்குலம் அகலப்படுத்துவது), கேம் கிரைண்டிங் (வால்வைத் திறக்கும் தண்டைத் தேய்த்து மாற்றுவது), குழாய் வளைத்து எக்ஸாஸ்ட். மிச்சம், காற்றோடு பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் ஒன்றுதான். அதையும் கையோடு வாங்கி வந்திருந்தார். பளபளவென்று ஹோலி 390, நாலு வாய். வாய் என்றால் காற்று இறங்குகிற துளை.

"இத மாட்டிக் குடுங்க மேஸ்திரி. மலை மேல பறக்கணும்."

அவர் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்து நான் சரி என்றேன். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. எனக்குத் தெரிந்தும் சொல்லவில்லை. முப்பது வருஷ வேலையில் இன்றும் உறுத்துகிற ஒப்புதல் அது.

மாட்டிய அன்றே கிரீன் சர்க்கிள் நெரிசலில் தெரிந்துவிட்டது. நின்று கிளம்பும்போது பெடலை மிதித்தால் ஒரு நொடி தொண்டை அடைத்த மாதிரி திணறும், பிறகு துள்ளும். சர்வீஸ் ரோட்டில் காலியாக ஓட்டினால் நன்றாகத்தான் இருந்தது. தம்பிக்கு ஏலகிரியில் கொஞ்சம் தோட்டம் உண்டு. பத்து மூட்டை உரம் ஏற்றிக்கொண்டு பொன்னேரியிலிருந்து மலை ஏறினோம். மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் என்று பெயர் வைத்திருப்பார்கள். நாலாவது வளைவிலேயே இன்ஜின் படுத்துவிட்டது. பின்னால் பஸ் நின்று ஹாரன் அடிக்கிறது. நான் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி கார்புரேட்டரை விளக்க வீட்டிலிருந்து ஃபிளிட் பம்பு கொண்டுவருவார். அந்தக் காலத்தில் கொசுமருந்து அடிப்போமே, அதுதான். கைப்பிடியை வேகமாகத் தள்ளினால் காற்று குழாய் முனையைக் கடக்கும்போது டப்பாவிலிருந்து மருந்தை உறிஞ்சித் தூவும். மெதுவாகத் தள்ளினால் காற்று மட்டும்தான் வரும். "வெஞ்சுரி இதுதான்டா. காத்துக்கு வேகம் இருந்தாத்தான் பெட்ரோல் எழும்பும்" என்பார். வெஞ்சுரி என்பது கார்புரேட்டர் வாய்க்குள் இருக்கும் குறுகல். ஒரு வாய் இருந்த இடத்தில் அதே அளவில் இரண்டு வாய் வைத்தால் அதே இன்ஜினின் காற்று இரண்டாகப் பிரியும். வேகம் பாதி ஆகும், உறிஞ்சல் கால்வாசி ஆகும். வளைவில் 1,500 ஆர்.பி.எம்.மில் மூட்டையோடு இழுக்கிற இன்ஜினுக்கு அந்தக் கால்வாசி போதவில்லை.

கணக்கை அன்று ராத்திரி போட்டேன். முதல் நாளே போட்டிருக்க வேண்டும். ஹரிக்கேன் 134 கன அங்குலம், அதாவது 2.2 லிட்டர். 40 தவ் போர் போட்ட பிறகு சுமார் 2.25. நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தன் கொள்ளளவை இழுக்கும். 4,000 ஆர்.பி.எம்.மில் நிமிஷத்துக்கு 4,500 லிட்டர். முழுதாக நிரம்பாது, 80 சதவீதம் என்று வைத்தால் 3,600 லிட்டர், ஏறக்குறைய 127 சி.எஃப்.எம்., அதாவது நிமிஷத்துக்கு 127 கன அடி காற்று. கேம் மாற்றியதற்காக 4,500 வரை போகும் என்றே எடுத்துக்கொண்டாலும் 143தான். வாங்கி வந்தது 390 சி.எஃப்.எம். இன்னொரு விஷயமும் உண்டு. நாலு வாய் கார்புரேட்டரை 1.5 அங்குல பாதரச வாக்குவத்தில், அதாவது குறைந்த உறிஞ்சலில், அளந்து எண் போடுவார்கள், ஒரு வாய், இரண்டு வாய் உள்ளதை 3 அங்குலத்தில் அளப்பார்கள். ஆகவே இரண்டு வாய்க் கணக்கில் சொன்னால் அந்த 390 என்பது 550. அமெரிக்காவில் 350 கன அங்குல வி-8 போட்ட லாரிக்காரர்கள் 600 எடுப்பது நியாயமே, அந்த இன்ஜின் 5,000 ஆர்.பி.எம்.மில் 430 சி.எஃப்.எம். கேட்கும். இதற்கு அது பொருந்தாது.

ஹரிக்கேனுக்கு இன்னொரு அமைப்பும் இருக்கிறது. இன்டேக் வால்வு ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில். இன்டேக் மேனிபோல்டு தனியாகக் கிடையாது, ஹெட்டோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள். மேலே ஒரே ஒரு துளை, அதன் மேல்தான் கார்புரேட்டர் உட்காரும். நாலு வாய் வைத்தாலும் எட்டு வாய் வைத்தாலும் காற்று போகிற வாசல் அந்த ஒன்றுதான். கழற்றி மாற்றவும் வழியில்லை.

மறுநாள் தம்பியிடம் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. "அப்ப பழைய சோலெக்ஸே போட்டுடலாமா மேஸ்திரி?" என்றார், குரல் இறங்கி. எனக்கு அதிலும் மனசு வரவில்லை. கேம் மாற்றி, போர் பண்ணிய இன்ஜினுக்கு ஒரு வாய் சோலெக்ஸ் மேல் ஆர்.பி.எம்.மில் மூச்சு முட்டும். நான் சொன்னது வெபர் 32/36. இரண்டு வாய், ஆனால் சேர்ந்து திறக்காது. முதல் வாயின் வெஞ்சுரி 26 மில்லிமீட்டர், ஊருக்குள் அது மட்டுமே வேலை செய்யும். பெடலை நன்றாக அழுத்திய பிறகுதான் 27 மில்லிமீட்டர் இரண்டாவது வாய் திறக்கும். தம்பி ஓட்டுகிற ஓட்டத்தில் முக்கால்வாசி, குடியாத்தம் கடைத்தெருவும் காட்பாடி பாலமும்தான். அதற்கு முதல் வாய் போதும். மலைக்கு இரண்டும் இருக்கிறது.

ஒற்றைத் துளைக்கு அதைப் பொருத்த அடாப்டர் வேண்டும். ஆற்காடு ரோட்டு லேத்தில் அலுமினியக் கட்டியில் கடைந்தோம். உள்ளே படி விழாமல் சரிவாக இறங்க வேண்டும், படி இருந்தால் பெட்ரோல் அங்கே தங்கிச் சொட்டும். அரை நாள் எமரி தாளோடு உட்கார்ந்து நானே தேய்த்தேன். இன்ஜின் சூடு மேலே ஏறாமல் அடியில் பேக்லைட் தகடு ஒன்று. இந்த வண்டியில் இன்ஜின் மூடிய பெட்டிக்குள் வேகிறது, வேலூர் வெயிலில் நிறுத்திவிட்டுப் போனால் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையிலேயே அது கொதிக்கும், திரும்பி வந்து செல்ஃப் அடித்தால் ஸ்டார்ட் ஆகாது. ஃப்ளோட் அறை வண்டியின் முன்பக்கம் பார்க்க வைத்தேன், ஏற்றத்தில், பெட்ரோலை அளந்து விடும் பித்தளைத் துளையான ஜெட்டுக்குப் பெட்ரோல் வற்றக் கூடாது.

ஜெட்டுக்கு 135இல் ஆரம்பித்தேன். எண் என்பது துளையின் அளவு, 1.35 மில்லிமீட்டர். இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு அது பற்றவில்லை, பெட்ரோல் குறைவு என்று காட்டிப் பிளக் வெளுத்து வந்தது. 140 போட்டதும் வெளிர்ப் பழுப்பு, அதுதான் சரியான நிறம். ஜெட் அடைத்தால் கம்பி விட்டுக் குத்துகிற பையன்களை நான் பட்டறையில் வைத்துக்கொள்வதில்லை. பித்தளை மெத்தென்றது, ஒரு குத்தில் 140 என்பது 145 ஆகிவிடும். காற்று அடித்தால் போதும்.

ஆனி மாதம் அதே பத்து மூட்டையோடு போனோம். நாலாவது வளைவில் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார், கியர் மாற்றவில்லை. இரண்டாவதிலேயே இழுத்தது. மலை மேல் அத்தனாவூரில் நிறுத்தி, சூடு ஆறக் காத்திருந்து, நாலு பிளக்கையும் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தேன். நாலும் ஒரே நிறம், கீழே பார்த்ததைவிடக் கொஞ்சம் கருப்பு. 1,100 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவு, பெட்ரோல் அதிகமாகத்தான் தெரியும். "ஜெட்ட மாத்தணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிப் பிளக்குகளைத் திரும்ப மாட்டினேன். அவர் மூட்டைகளை இறக்கத் தொடங்கினார்.