லாகினை மட்டும் எடுத்துடுங்க

வலைத்தளங்களைக் கட்டவும் நடத்தவும் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஒருவரின் கணக்கை நீக்கப் போனால், நீக்குவதற்கு முன் ஒரு கேள்வி வரும். அவர் எழுதியவற்றை என்ன செய்வது? எல்லாவற்றையும் அழித்துவிடலாம், இல்லையென்றால் வேறொருவர் பெயருக்கு மாற்றிவிடலாம். இரண்டே வழிதான். எழுதியவர் பெயரிலேயே இருக்கட்டும் என்று சொல்ல அந்தத் திரையில் இடமில்லை.

தனியாக எடுத்துச் செய்த முதல் வேலையில் அந்தத் திரையின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தளத்தை எப்படிக் கட்டினேன் என்பதில் சொல்ல அதிகமில்லை. தீம் எனும் தயார் வடிவமைப்பு ஒன்றை எடுத்து மாற்றியது, தொடர்புப் படிவத்தின் மின்னஞ்சல்கள் ஸ்பேமுக்குப் போனது, லோகோவின் நிறம் திரும்பத் திரும்ப மாறியது, இதெல்லாம் இந்த வேலைக்கு வரும் எல்லோருக்கும் நடப்பதுதான். தளம் வெளியான பிறகு வந்த ஒரு போன்தான் இன்னும் மனதில் கிடக்கிறது.

தளம் கேட்டது புதிதாகத் தொடங்கிய ஒரு நிறுவனம். அதன் நிறுவனர்கள் இருவர். சார், மேடம் என்றுதான் அழைப்பேன். பேச்சுவார்த்தை எல்லாம் சாருடன். ஒப்பந்தம் என்று இருந்தது ஒரு மின்னஞ்சல்: எத்தனை பக்கம், எத்தனை தவணை, எப்போது முடியும். அதற்கு ‘ஓகே’ என்று பதில் போட்டவரும் சார்தான். ஆனால் முன்பணம் வந்தது மேடத்தின் சொந்தக் கணக்கிலிருந்து. நிறுவனம் அப்போது பதிவாகவே இல்லை, அதனால் அதன் பெயரில் வங்கிக் கணக்கும் இல்லை. தளத்தில் இருந்த எழுத்து முழுக்க மேடம் எழுதியது. முகப்பு வாசகம், கேள்வி பதில், கட்டுரைகள் எல்லாம். நல்ல எழுத்து. அந்தத் தளத்தில் என் வடிவமைப்பைவிட அதுதான் ஆட்களை நிறுத்திப் படிக்க வைத்தது.

போனில் சார் சொன்னது இவ்வளவுதான்.

“அவங்க விலகிட்டாங்க. டீம் பக்கத்துல போட்டோவை எடுத்துடுங்க, லாகினையும் எடுத்துடுங்க. இன்னைக்கு ராத்திரிக்குள்ள முடிஞ்சா நல்லது.”

“அவங்களுக்குத் தெரியுமா சார்?”

“அது எங்களுக்குள்ள இருக்கிற விஷயம். நீங்க லாகினை மட்டும் எடுத்துடுங்க.”

“சரி சார்.”

குரலில் கோபம் இல்லை. அவசரம்கூடப் பெரிதாக இல்லை. நான் கேட்டதற்குத் தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை. அந்தக் கேள்வி எனக்கானது இல்லை என்று மட்டும் சொன்னார். அதை நான் ஏற்றுக்கொண்டேன். அப்படி ஏற்றுக்கொண்டது நியாயம்தான் என்று பல நாள் தோன்றும். நான் தளம் செய்து கொடுக்க வந்தவன். இருவர் ஏன் பிரிகிறார்கள் என்று கேட்பது என் வேலை இல்லை.

கேட்ட வேலையும் விபரீதமானது இல்லை. ஒருவர் விலகினால் அவருடைய அனுமதிகளை அன்றே எடுத்துவிட வேண்டும் என்பது பாதுகாப்பின் அரிச்சுவடி. அட்மின் உரிமை, அதாவது தளம் முழுவதையும் நிர்வகிக்கும் அனுமதி, இருப்பவர் பிளகின் எனும் துணை நிரல்களை நீக்கலாம், எல்லாப் பக்கங்களையும் அழிக்கலாம், மற்ற அட்மின்களையே வெளியே தள்ளலாம். மேடம் அப்படிச் செய்பவர் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. ஆனால் ஆளைப் பார்த்து மாறினால் அது விதியே இல்லை. மனக்கசப்பு இருக்கும் இடத்தில் அந்த உரிமையை விட்டுவைத்து, நாளை ஏதாவது நடந்தால் முதல் கேள்வி என்னிடம்தான் வரும்.

அப்புறம்தான் அந்தத் திரை. கட்டுரைகளை அழிக்க மனமில்லை. சாரின் பெயருக்கு மாற்றினால் மேடத்தின் ஒவ்வொரு வரிக்கும் மேலே சாரின் பெயர் நிற்கும். இரண்டையும் செய்யாமல் திரையை மூடினேன். டேட்டாபேஸையும் கோப்புகளையும் பேக்கப் எடுத்து வைத்துக்கொண்டு, மேடத்தின் கணக்கை நீக்காமல் அட்மினிலிருந்து சப்ஸ்கிரைபராக இறக்கினேன். அந்த நிலையில் உள்ளே நுழையலாம், சொந்த விவரங்களை மாற்றலாம், அவ்வளவுதான். கட்டுரைகள் அவர் பெயரிலேயே இருக்கும். போட்டோவை எடுத்தேன். சாருக்கு ‘முடிந்தது’ என்று எழுதினேன். இருவருக்கும் பொதுவான ஒரு வழியைக் கண்டுபிடித்ததாக அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் மேடத்திடமிருந்து மின்னஞ்சல். ‘உள்ளே போக முடிகிறது, ஆனால் எதையும் திருத்த முடியவில்லை. ஏதாவது கோளாறா? பார்த்துச் சொல்லுங்கள்.’

அவருக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கணக்கையே நீக்கியிருந்தால் உடனே அவருக்குப் புரிந்திருக்கும். நான் கதவைத் திறந்து வைத்து உள்ளே இருந்ததை மட்டும் எடுத்திருந்தேன். அதனால் அவர் அதைத் தளத்தின் கோளாறு என்று எடுத்துக்கொண்டார், என்னிடமே உதவி கேட்டார்.

நான் எழுதிய பதில்: ‘தளத்தில் கோளாறு எதுவும் இல்லை மேடம். உங்கள் அனுமதி பற்றி சாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.’

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஒருவர் பக்கம் நின்று இன்னொருவருக்குச் செய்தி சொல்லவும் இல்லை. இதைவிடச் சரியான பதிலை இன்றுவரை என்னால் எழுதிப் பார்க்க முடியவில்லை, எழுதிப் பார்க்காத நாளும் குறைவு. ஆனாலும், தான் சேர்ந்து தொடங்கிய இடத்திலிருந்து வெளியேற்றப்பட்டதை ஒருவர் அந்த இரண்டு வரியில்தான் அறிந்திருக்கிறார். அந்தச் செய்தியைச் சொன்னவன் நான். அவரிடமிருந்து பதில் வரவில்லை.

என் வாடிக்கையாளர் யார் என்பதுதான் என்னைச் சுற்றிச் சுற்றி வரும் கேள்வி. மின்னஞ்சலைப் பார்த்தால் சார். பணத்தைப் பார்த்தால் மேடம். நிறுவனம் என்று சொல்லலாம் என்றால் அது சட்டப்படி இன்னும் பிறக்கவில்லை. எழுத்தின் பதிப்புரிமையை எடுத்துக்கொண்டாலும், பல நாடுகளில் எழுத்து மூலம் மாற்றிக் கொடுக்காதவரை அது எழுதியவருடையதுதான். அப்படிப் பார்த்தால் மேடத்தின் கட்டுரைகள் மேடத்துடையவை. நான் செய்த வடிவமைப்புக்கும் அதே கணக்கு. அடியில் ஓடும் வேர்ட்பிரஸோ ஜிபிஎல் உரிமத்தில் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விடப்பட்டது. இவற்றில் எது அந்த இரவில் சாருக்கு மட்டும் சொந்தமாக இருந்தது? இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் அதே கேள்வி மேடத்துக்கும் பொருந்துமே என்றும் தோன்றும்.

தளத்தின் இணைய முகவரியான டொமைன் பெயர் விஷயத்தில் உலகம் இன்னும் நிதானமாக யோசித்திருக்கிறது. டொமைன்களுக்கு விதி வகுக்கும் ஐகேன் அமைப்பு 2016 டிசம்பரில் ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தது. பதிவுதாரரின் பெயரையோ மின்னஞ்சலையோ மாற்ற வேண்டுமானால் பழையவர், புதியவர் இருவரும் உறுதி செய்ய வேண்டும் என்றது. இதைப் படித்தபோது எனக்கு வேலை நடந்த இரவு ஞாபகம் வந்தது. ஒரு முகவரியின் பெயர் மாற்றத்துக்கு இரண்டு பேரின் சம்மதம். உள்ளே எழுதிக்கொண்டிருந்த ஒரு ஆளை இறக்குவதற்கு ஒரு போன், ஒரு கிளிக்.

இப்போது என் ஒப்பந்தங்களில் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். நிறுவனர்களில் யாருடைய அட்மின் உரிமையை மாற்றுவதானாலும் எல்லா நிறுவனர்களும் எழுத்தில் சொல்ல வேண்டும். இதை எழுதி முடித்ததும் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. ஆனால் பாதுகாப்பு விதி உடனே எதிரே வந்து நின்றது. இருவரும் எழுதும்வரை காத்திருந்தால், அந்த இடைவெளியில் கோபத்தில் இருப்பவர் கையில் எல்லா உரிமையும் இருக்குமே? அதனால் இன்னொரு வரி சேர்த்தேன். தகராறு என்று எழுத்தில் வந்தால், தீரும்வரை இருவருடைய அட்மின் உரிமையும் நிறுத்தப்படும், தளம் என் பொறுப்பில் இருக்கும்.

அண்மையில் ஒரு நிறுவனர் அதைப் படித்துவிட்டு, “அப்போ எங்க சைட் உங்ககிட்ட இருக்குமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் தன் கூட்டாளியைப் பார்த்தார், கூட்டாளி தலையசைத்தார், கையெழுத்துப் போட்டார்கள். இவ்வளவு எளிதாக என்னை நம்பியிருக்க வேண்டாமோ என்றுதான் எனக்குப் பட்டது. அந்த வரியை எடுக்கவும் மனம் வரவில்லை.